ஏழு கேள்விகள், இருபத்து நான்கு கைகள்

ஆறாம் வகுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டவுட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. கடையில் பென்சில் வாங்கினால், "உள்ளே கடைசி வரைக்கும் கரி இருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்பாள். நாளைக்கு விடுமுறை என்று டீச்சர் சொன்னால் வகுப்பே கைதட்டும். டவுட்டு மட்டும் எழுந்து, "நிஜமாவா டீச்சர்? எழுத்துல வந்திருக்கா?" என்பாள். மற்றவர்களுக்குப் பசித்தால் வயிறு சொல்லும். யாராவது ஏமாற்றப் பார்த்தால் டவுட்டுக்கு மூக்கு வேர்த்துவிடும். குறைந்தபட்சம் அவள் அப்படித்தான் நம்பினாள்.

அந்த வாரம் அவளுடைய மூக்குக்கு நிறைய வேலை இருந்தது. வகுப்பில் மாதிரி நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்தது.

சமூக அறிவியல் டீச்சர்தான் சபாநாயகர். உட்காரும் இடத்தை வைத்து மூன்று கட்சிகள். ஜன்னல் பக்கம் உட்காருபவர்கள் பதினான்கு பேர், ஜன்னல் கட்சி. சுவர்ப் பக்கம் பதின்மூன்று பேர், சுவர் கட்சி. நடுவில் ஒன்பது பேர், நடு வரிசைக் கட்சி. டவுட்டு நடு வரிசை. எதிலும் எளிதில் ஏமாறமாட்டாள் என்று அவளையே பேச்சுவார்த்தைக்கு அனுப்புவதாக அந்தக் கட்சி முடிவு செய்திருந்தது.

பேச்சுவார்த்தை எதற்கு? வகுப்பின் அரசியல் சாசனத்தைத் திருத்துவதற்கு.

வருடத் தொடக்கத்தில் டீச்சர் பத்து விதிகள் எழுதி ஒரு சிறிய நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். அதுதான் சாசனம். நான்காவது விதி இப்படி இருந்தது: "வகுப்பில் பேசுபவர் பெயரை வகுப்புத் தலைவர் பலகையில் எழுதலாம். பெயர் உள்ளவர் அந்த வாரம் வெள்ளிக்கிழமை விளையாட்டு வகுப்புக்குப் போகக் கூடாது." பத்தாவது விதி: "இந்தச் சாசனத்தைத் திருத்த, முப்பத்தாறு பேரில் இருபத்து நான்கு பேர் கைதூக்க வேண்டும்."

"வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. நீங்க திருத்துறது நிஜமாவே இந்த வருஷம் முழுக்க நடைமுறையில இருக்கும். முடியலைன்னா பழைய விதி அப்படியே தொடரும்" என்று டீச்சர் சொன்னார்.

"நிஜமாவா டீச்சர்?" என்றாள் டவுட்டு.

"எழுத்துல தர்றேன்" என்றார் டீச்சர். தந்தும் விட்டார்.

பதினான்கு, பதின்மூன்று, ஒன்பது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சிக்கல் புரியும். ஜன்னலும் நடு வரிசையும் சேர்ந்தால் இருபத்து மூன்று. ஒன்று குறைகிறது. சுவரும் நடு வரிசையும் சேர்ந்தால் இருபத்திரண்டு. அதுவும் போதாது. ஜன்னலும் சுவரும் சேர்ந்துவிட்டால் நடு வரிசையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் மூன்று கட்சிகளும் ஒன்றையொன்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தன. ஒருவன் அழிரப்பர் கடன் கேட்டால்கூட, "எதுக்கு?" என்றுதான் பதில் வந்தது.

சுவர் கட்சியின் தலைவி விசில். வாயைத் திறந்தால் மூன்று வகுப்புகளுக்குக் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். அவள்தான் வகுப்புத் தலைவியும். பலகையில் பெயர் எழுதுகிற சாக்பீஸ் அவள் கையில்தான் இருந்தது. "விதியில ஒரு எழுத்து மாறக் கூடாது" என்பது அவள் கட்சி.

ஜன்னல் கட்சியின் தலைவன் குடை. வெயிலோ மழையோ, அவன் கையில் குடை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. நேரத்துக்கு வந்தும் பார்த்ததில்லை. பலகையில் அவன் பெயர் இல்லாத வாரமும் கிடையாது. "நாலாவது விதியையே தூக்கிடணும்" என்பது அவன் கட்சி.

டவுட்டுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. விதியைத் தூக்கிவிட்டால் குடை ஒருவனே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பான். அப்படியே விட்டுவிட்டால், கடுகின் கதி என்ன?

கடுகு டவுட்டின் உயிர்த்தோழி, அவளும் நடு வரிசைதான். வகுப்பிலேயே உருவத்தில் சின்னவள், ஓட்டத்தில் முதல் ஆள். அவளிடம் ஒரே ஒரு பழக்கம் இருந்தது. கணக்குப் போடும்போது உதடு அசையும். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். பலகைப் பக்கம் நின்று பார்க்கும் விசிலுக்கு அது பேசுவது போலத் தெரியும். சாக்பீஸ் கிரீச்சிடும். கடுகின் பெயர் ஏறிவிடும்.

இப்படியே ஐந்து வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. இந்த வாரமும் திங்கட்கிழமையே பெயர் ஏறிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை விளையாட்டு வகுப்பில்தான் தொடர் ஓட்ட அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். மைதானத்துக்கு வராதவரை விளையாட்டு சார் எப்படி எடுப்பார்?

"நான் உதட்டை அசைக்காம கணக்குப் போடப் பழகிக்கிறேன்" என்றாள் கடுகு.

"எதுக்கு? தப்பு உன் உதட்டு மேல இல்ல, விதி மேல" என்றாள் டவுட்டு.

செவ்வாய்க்கிழமை மதியம் சைக்கிள் கொட்டகையில் நடு வரிசைக் கட்சியின் ரகசியக் கூட்டம் நடந்தது. ஒன்பது பேரும் சைக்கிள்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தார்கள். மூன்று நிபந்தனைகள் முடிவாயின. ஒன்று, காரணம் கேட்காமல் யார் பெயரையும் எழுதக் கூடாது. இரண்டு, வகுப்புத் தலைவர் வாரம் ஒருவர். மூன்று, கேட்காமல் எழுதிய இந்த வாரப் பெயர்களை அழித்துவிட வேண்டும்.

"மூணையும் ஒரே நேரத்துல சொல்லக் கூடாது. சொன்னா ஒண்ணைக் கொடுத்துட்டு மத்த ரெண்டையும் வெட்டிடுவாங்க. ஒவ்வொண்ணா எடுத்து விடணும். வெளியில ஒரு மூச்சு விடக் கூடாது" என்றாள் டவுட்டு.

ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். அன்று மாலையே டவுட்டு வகுப்பு மூலையில் இருந்த கேள்விப் பெட்டியில் ஒரு தாளை மடித்துப் போட்டாள். கேள்வி நேரத்தில் விசில் பதில் சொல்ல வேண்டிய ஏழு கேள்விகள் அதில் இருந்தன. வகுப்புத் தலைவிதான் பிரதமர் என்று டீச்சர் வைத்திருந்தார். பெட்டி பழைய செருப்பு டப்பாதான். ஆனாலும் மூடி இருந்தது, மூடியைச் சுற்றி நூல் இருந்தது. நூல் இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் டவுட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை மதியம் நூலக அறையின் வட்ட மேசையில் மூன்று கட்சிகளும் உட்கார்ந்தன.

டவுட்டு ஏற்பாடுகளை முன்பே செய்திருந்தாள். யாரும் பென்சிலால் எழுதக் கூடாது. ஒவ்வொரு வரி முடிந்ததும் மீதி இடத்தில் கோடு போட்டு அடைக்க வேண்டும், பின்னால் யாரும் ஒரு சொல்லை நுழைத்துவிடக் கூடாது. தாளின் அடியில் மொத்தம் எத்தனை சொற்கள் என்று எழுத வேண்டும்.

"கையெழுத்துப் போட்டப்புறம் பேனாவையும் எண்ணிக் கொடுக்கணுமா?" என்றான் குடை.

"ஏன், உன்கிட்ட ரெண்டு பேனா இருக்கா?" என்றாள் டவுட்டு.

விசில் கையைக் கட்டிக்கொண்டாள். "ஆரம்பி. உங்க கட்சிக்கு என்ன வேணும்?"

"முதல்ல ஒண்ணே ஒண்ணு" என்று டவுட்டு தொண்டையைக் கனைத்தாள். "காரணம் கேட்காம..."

"பேர் எழுதக் கூடாது" என்று குடை முடித்தான். "அப்புறம் வாரம் ஒரு தலைவர். அப்புறம் இந்த வாரப் பேரை அழிக்கணும். அவ்வளவுதானே?"

டவுட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

குடை சிரித்தான். அதைவிட மோசம், விசிலும் ஆச்சரியப்படவில்லை. "எனக்கும் தெரியும். என்னைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கத்தான் இத்தனை திட்டம். எங்க கட்சியில ஒரு கைகூட உயராது" என்று எழுந்து போனாள். அவள் நாற்காலியைத் தள்ளிய சத்தத்தில் பேச்சுவார்த்தை முறிந்தது.

சைக்கிள் கொட்டகையில் அன்று யாரும் குந்தி உட்காரவில்லை. ஒன்பது பேரும் நின்றார்கள்.

"நம்ம ஒன்பது பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் எப்படி வெளியில போச்சு?" என்றாள் டவுட்டு.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உன் பெரியப்பா பையன் ஜன்னல் கட்சிதானே?" என்றான் ஒருவன். "நீதான் தினமும் சுவர் கட்சிக்காரன்கூட வீட்டுக்குப் போறே" என்றான் மற்றவன். ஐந்து நிமிடத்தில் அந்தக் கட்சியில் சந்தேகப்படாத ஆளும் இல்லை, சந்தேகத்துக்குத் தப்பிய ஆளும் இல்லை.

டவுட்டுக்கு மூக்கு வேர்த்தது. நேற்று, அதாவது புதன்கிழமை, அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள்.

"நேத்து குழாயடியில குடைகூட ஒருத்தி ரொம்ப நேரம் பேசிட்டிருந்தா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்னுபோச்சு" என்றாள். சொல்லிவிட்டுக் கடுகைப் பார்த்தாள்.

கடுகின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இனிமே ரகசியக் கூட்டத்துக்குக் கடுகு வர வேண்டாம்" என்றாள் டவுட்டு.

கடுகு ஏதோ சொல்ல வந்தாள். டவுட்டு அதற்குள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது கடுகு நின்ற இடத்தில் யாரோ ஒருவருடைய சைக்கிள்தான் இருந்தது.

மதிய இடைவேளை முடிந்ததும் கடுகு தன் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். டீச்சரிடம், "நான் இனிமே சுயேச்சை" என்றாள். டீச்சர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கணக்கு வகுப்பில் டவுட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கடுகு இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு வலது கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்துக்குப் பத்து வாங்குகிறவள் அன்று வாங்கியது மூன்று. துரோகியைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி டவுட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

டவுட்டு ஒருநாளும் பள்ளிக்குத் தாமதமாகப் போனதில்லை. போகவும் முடியாது. அவள் அப்பா ஊர்ப் பேருந்து ஓட்டுநர். காலை முதல் வண்டியில் அப்பாவுக்குப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டால், பள்ளிக் காவலாளி பூட்டைத் திறக்கும்போது அவள் வாசலில் நிற்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் பாதி வழியில் பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு நின்றது.

அப்பா இறங்கிப் போய் டயரைப் பார்த்தார். "நினைச்சேன். ரெண்டு நாளாவே இந்த டயர் மேல எனக்குச் சந்தேகம்."

"அப்போ இறங்கிப் பார்த்தீங்களாப்பா?"

"இல்லம்மா. சந்தேகப்பட்டதோட சரி" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

"நல்லா இருக்கு" என்று நடத்துனர் மாமா பயணிகளை இறக்கிவிட்டார். டவுட்டு பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். நடை ஓட்டமானது. ஆனாலும் அவள் போய்ச் சேர்ந்தபோது பெரிய வாசல் சாத்தியிருந்தது.

தாமதமாக வருபவர்கள் அலுவலகப் பக்கச் சின்ன வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே ஒரு ஜன்னல். உள்ளே அலுவலக எழுத்தர். ஜன்னலில் தாமதப் பதிவேடு. அதில் பெயர் எழுத வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் டவுட்டுக்கு முன்னால் இரண்டு பேர். எதிர்ச் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை. வேறு வேலை இல்லாததால் அவள் அதைப் படித்தாள்.

படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நாடாளுமன்றக் கேள்விகள், ஆறாம் வகுப்பு" என்று மேலே எழுதி, கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. தாளில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

"ஒன்று: பலகையில் பெயர் எழுதும் முன் அந்த மாணவரிடம் காரணம் கேட்கப்படுகிறதா? இரண்டு: வகுப்புத் தலைவர் பொறுப்பை வாரம் ஒருவருக்குத் தரத் தடை ஏதும் உண்டா? மூன்று: காரணம் கேட்காமல் எழுதிய பெயர்களை அழிக்கலாமா?" இப்படியே ஏழு வரை. ரகசிய நிபந்தனைகள் மூன்றும் வாலில் ஒரு கேள்விக்குறியை ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன.

"அட, நீயா? நீகூட லேட்டா வருவியா?" என்றார் எழுத்தர்.

"சார், இதை யார் இங்க ஒட்டினது?"

"நான்தான். புதன்கிழமை காலையில உங்க டீச்சர் கொடுத்தாங்க. பதில் சொல்றவங்க தயாராகணும்ல? உங்க சாசனத்துலயே ஒன்பதாவது விதியா இருக்காமே. கேள்வியை ரெண்டு நாள் முன்னாடி எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டணும்னு."

டவுட்டு நான்காவது விதியை நாற்பது தடவை படித்திருந்தாள். பத்தாவது விதியை எண்ணிப் பார்த்து, கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். ஒன்பதாவது விதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதை யார் யார் படிச்சாங்க சார்?" என்றாள் டவுட்டு.

"குடை வச்சிருக்கானே, அவன் தினமும் இங்கதானே நிக்கிறான். ரசிச்சு ரசிச்சுப் படிச்சான். வருகைப் பதிவேடு எடுக்க வர்ற உங்க வகுப்புத் தலைவிப் பொண்ணும் படிச்சுது. லேட்டா வர்றவங்களுக்கு ரெண்டு நாளா நல்லாப் பொழுது போகுது" என்று பதிவேட்டை நீட்டினார். "காரணம் எழுதும்மா."

டவுட்டு "டயர்" என்று எழுதினாள். சைக்கிள் கொட்டகையில் துரோகி இருந்தது உண்மைதான். கூட்டத்தை நடத்தியதே அந்தத் துரோகிதான்.

அன்று பகல் முழுக்க அவள் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று யோசித்தாள். கடுகை ஏழு பேர் முன்னால் குற்றம் சொல்லிவிட்டு, மன்னிப்பை மட்டும் காதோடு சொல்வது நியாயமா? இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் பயமாக இருந்தது.

கடைசிப் பாடவேளைக்கு முந்தைய பாடவேளையில் நாடாளுமன்றம் கூடியது. பலகையின் மூலையில் ஆறு பெயர்கள் இருந்தன. அதில் மேலே இருந்தது கடுகின் பெயர். இன்னும் நாற்பது நிமிடத்தில் விளையாட்டு வகுப்பு.

"கேள்வி நேரம். முதல் கேள்வி, நடு வரிசை உறுப்பினர்" என்றார் டீச்சர்.

டவுட்டு எழுந்தாள்.

"சபாநாயகர் அவர்களே, நான் என் ஏழு கேள்விகளையும் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக ஒரு விளக்கம் சொல்ல அனுமதி வேண்டும்."

"இதுல ஏதோ இருக்கு" என்று ஜன்னல் பக்கம் முணுமுணுப்பு. "கவனமா இருங்க" என்று சுவர்ப் பக்கம்.

"சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"எங்க கட்சி ரகசியம் வெளியில போயிடுச்சுன்னு..." டவுட்டுக்கு நாடாளுமன்றத் தமிழ் எங்கோ ஓடிவிட்டது. "கடுகுதான் சொல்லியிருப்பான்னு நான் சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவ சொல்லல. நான்தான் சொல்லியிருக்கேன். என் கையாலயே எழுதி பெட்டியில போட்டிருக்கேன். அது லேட்டா வர்றவங்க பலகையில மூணு நாளா ஒட்டியிருக்கு. எனக்குத்தான் தெரியல."

வகுப்பில் ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது. டவுட்டின் கண் கலங்கியிருந்தது.

"காரணம் கேட்காம யார் பேரையும் எழுதக் கூடாதுன்னு திருத்தம் கொண்டுவந்ததே நான்தான். நானே கடுகுகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. மன்னிச்சுக்கோ கடுகு."

கடைசி பெஞ்சில் கடுகு தலையைக் குனிந்து நோட்டைப் புரட்டினாள்.

"இது ஓட்டு வாங்க நாடகமா?" என்று ஜன்னல் பக்கம் யாரோ கேட்டார்கள்.

குடை எழுந்தான். "நாடகம் இல்ல. நான் அந்தப் பலகையில படிச்சதுதான். நேத்தே சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்குச் சிரிச்சுட்டு இருந்துட்டேன்." குடையின் கைப்பிடியைத் திருகினான். "எங்க கட்சி விதியே வேணாம்னுதான் கேட்டுச்சு. பரவாயில்ல, இந்தத் திருத்தத்துக்கு நாங்க கை தூக்கறோம். ஆனா, காரணம் கேட்டா நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்குமே, அது ஒண்ணுதான் கவலை."

இப்போது வகுப்பு நன்றாகவே சிரித்தது. விசில் மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாரும் சேர்ந்துக்கோங்க. வாரம் ஒரு தலைவர்னா என்ன அர்த்தம்? என்னை இறக்கணும், அதானே?"

"இல்ல" என்றாள் டவுட்டு. "சபாநாயகர் அவர்களே, பிரதமரிடம் ஒரே ஒரு கேள்வி. இதை நான் எந்தப் பெட்டியிலும் போடல. நீ கடைசியா எப்போ விளையாட்டு வகுப்புக்குப் போனே?"

விசில் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூன்று வகுப்புகளுக்குக் கேட்கிற அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. பலகையில் பெயர் உள்ளவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது வகுப்புத் தலைவியின் வேலை. கடுகு உள்ளே இருந்த ஐந்து வெள்ளிக்கிழமையும் விசிலும் உள்ளேதான் இருந்தாள். ஒருத்தி பெஞ்சில், ஒருத்தி வாசலில்.

"இந்த வருஷம் நான் போனதே இல்ல" என்றாள் விசில். அவ்வளவு மெதுவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

பிறகு அவளே கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "திங்கட்கிழமை கணக்கு வகுப்புல நீ என்ன பேசிட்டிருந்தே?"

கடுகு எழுந்து நின்றாள். "பேசல. பதினேழை ஆறால பெருக்கிட்டிருந்தேன்."

"எவ்வளவு வந்துது?"

"நூற்றிரண்டு."

விசில் விரலை மடக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

வாக்கெடுப்பு தொடங்கியது. எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவதும் வகுப்புத் தலைவியின் வேலை. அவள் குறைத்து எழுதிவிடுவாளோ என்று பக்கத்தில் ஜன்னல் கட்சி ஆள் ஒருவன் நின்றான். அவன் ஏதாவது செய்துவிடுவானோ என்று சுவர் கட்சி ஆள் ஒருவன் அவனுக்குப் பின்னால் நின்றான். இருவரையும் டீச்சர் பார்த்துக்கொண்டார்.

"திருத்தத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

ஜன்னல் பக்கம் பதினான்கு கைகள் எழுந்தன. ஒன்றில் குடையும் இருந்தது. "குடைக்கு ஓட்டு இல்ல, இறக்கு" என்றார் டீச்சர். நடு வரிசையில் எட்டுக் கைகள். மொத்தம் இருபத்திரண்டு.

டவுட்டு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் ஒரு சின்னக் கை உயர்ந்திருந்தது. கடுகு அவளைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தாள். ஆனாலும் கை உயர்ந்துதான் இருந்தது. இருபத்து மூன்று.

சுவர்ப் பக்கம் ஒரு கையும் எழவில்லை. பன்னிரண்டு பேரும் விசிலையே பார்த்தார்கள். மணி அடிக்கும் அண்ணன் வராந்தாவில் நடந்து போனார். சாக்பீஸ் பலகையருகே அந்தரத்தில் நின்றது.

"சபாநாயகர் அவர்களே" என்றாள் விசில். "எண்ணி எழுதுறவங்களும் கை தூக்கலாமா?"

"நீங்களும் உறுப்பினர்தானே? தாராளமா."

விசில் வலது கையால் பலகையில் இன்னொரு கோடு போட்டாள். போட்டுக்கொண்டே இடது கையை உயர்த்தினாள்.

"நிஜமாவா?" என்று டவுட்டு தன்னை மறந்து கத்திவிட்டாள். அதற்குள் மணி அடித்தது.

கடுகின் பெயரை விசிலே அழித்தாள். மற்ற ஐந்து பேரிடமும் ஒவ்வொருவராகக் காரணம் கேட்டாள். நான்கு பெயர்கள் அழிந்தன. குடை, "நான் பேசினது உண்மைதான்" என்று பெருமூச்சு விட்டு, தன் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டான். அவனுக்குக் காவலாக டீச்சரே உட்கார்ந்தார். விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது என்றார்.

மைதானத்துக்குப் போகும் படிக்கட்டில் டவுட்டு கடுகைப் பிடித்தாள்.

"ஒண்ணு கேட்கணும். புதன்கிழமை குழாயடியில குடைகூட என்ன பேசினே?"

கடுகு நின்றாள். "இப்பவாவது கேட்டியே." "உங்க டவுட்டு எல்லாத் தாளையும் மூணு தடவை படிக்கிறாளே, எப்பதான் கையெழுத்துப் போடுவான்னு கேட்டான். நாலாவது தடவை படிச்சதும் போடுவான்னு சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சோம்."

டவுட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இன்னும் சுயேச்சையாத்தான் இருப்பியா?"

"யோசிக்கணும். எழுத்துல எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டுக் கடுகு படிகளில் இறங்கி ஓடினாள்.

விளையாட்டு சார் கோடு போட்டு வைத்திருந்தார். ஊதல் ஊதினார். கடுகு புறப்பட்ட வேகத்தில் புழுதி பறந்தது. ஓடும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு மைதானத்துக்கு வந்த விசில், மூச்சு வாங்க வாங்கப் பக்கத்தில் ஓடியபடி கேட்டாள்: "இப்போ என்ன பேசுறே?"

"பேசல. அடி எண்ணுறேன்" என்றாள் கடுகு.

"சரி, எண்ணு" என்றாள் விசில்.